படமும் உரையும்

அறிவுத்திறன் குறைபாடுள்ள வயதுவந்தவர்களிடம் காமிராவைக் கொடுத்து, அவர்கள் எடுக்கும் படங்கள் வழியாக அவர்களுடைய வாழ்க்கையை அறிய முயல்கிற ஒரு ஆராய்ச்சி முறை இருக்கிறது. சமூக சேவைக்காரர்களின் விவகாரம் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு பிரதி யாருக்குச் சொந்தம் என்பதே இதில் அடிப்படைப் பிரச்னை.

1990களின் தொடக்கத்தில், சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் காமிராக்களைக் கொடுத்த அனுபவத்திலிருந்து கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் உருவாக்கிய முறை இது. பெயர் ‘ஃபோட்டோவாய்ஸ்’. எடுத்தவர்களே படங்களைத் தேர்வார்கள், அவற்றைப் பற்றிச் சொல்வார்கள், கூடிப் பேசுவார்கள். கற்றல் சிரமமுள்ள தாய்மாரிடம் இதைக் கொண்டுசென்றது பற்றி இங்கிலாந்தின் டிம் பூத், வெண்டி பூத் 2003-ல் எழுதினார்கள். பிள்ளை வளர்க்கத் தகுதி உண்டா என்று கோப்புகளில் எடைபோடப்படுகிறவர்கள் அத்தாய்மார். காமிரா கைமாறும்போது, பார்க்கப்பட்டவள் பார்க்கிறவளாகிறாள். நேர்காணலில் கேள்வி ஆராய்ச்சியாளனுடையது. வாக்கியம் கைகூடாதவர் அங்கே பாதி தோற்றுவிடுகிறார். படத்துக்கு வாக்கியம் வேண்டியதில்லை.

இதுவரை சரி. படங்கள் மேஜைக்கு வந்த பிறகுதான் சிக்கல். ஆராய்ச்சியாளன் உரையாசிரியனாகிவிடுகிறான். எங்கள் காங்கேயத்தில் கொப்பரை காயும் களத்தில் வேலை செய்கிற ஒருவர் படமெடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். படம் முழுக்கச் சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஒரு கால். ‘தனிமை’ என்று தலைப்புக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? தரை சுடுகிறது என்பதை அவர் எடுத்திருக்கலாம். முதலாளியின் செருப்பை எடுத்திருக்கலாம். சும்மா பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கலாம். இந்தக் கடைசிச் சாத்தியத்தை ஆராய்ச்சி தாங்காது. அதற்குக் கருத்து வேண்டும். இலக்கியக்காரர்களான நாமும் யோக்கியமில்லை. அந்தக் கோணலில் நவீனத்துவத்தைக் கண்டு பரவசப்படுவோம். எடுத்தவரை விட்டுவிட்டுப் படத்தை எடுத்துக்கொள்வதில் இரு தரப்பும் ஒன்றுதான்.

வங்கிக் குமாஸ்தா என்பதால் கையெழுத்து விவகாரம் எனக்குப் பரிச்சயம். இப்படிப்பட்டவர்களின் கணக்குப் படிவத்தில் புகைப்படம் அவருடையது, கையெழுத்து பாதுகாவலருடையது என்றிருக்கும். அத்தகைய பாதுகாவலரை நியமிக்க 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்தது. ஆனால் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. அவருடைய அறிவுத்திறன் எவ்வளவு என்று அது விசாரிப்பதில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, வரையறுக்கப்பட்ட பாதுகாவலரும் அவரோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே பாதுகாவலரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கண்காட்சி வைத்துவிடுவது போதாது. ஒவ்வொரு படத்துக்கும் கேட்க வேண்டும்: இதைக் காட்டலாமா, யாருக்கு, உங்கள் பெயரோடா? பெயரை மறைப்பது பாதுகாப்பு என்கிறார்கள். சில சமயம் அவசியமும்கூட. ஆனால் ஆசிரியரை அழிக்கவும் அதுவே வழி. அவரைக் கேட்காமல் அதைச் செய்ய யாருக்கும் உரிமையில்லை.

வேண்டாம் என்று அவர் சொன்னால், ஆய்விலேயே மிகச் சிறந்த படமானாலும் நீக்கிவிட வேண்டும். இத்தகைய அறிக்கைகளில் நான் தேடுவது ஒரு எண்ணை: எத்தனை படங்களை எடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்? அந்த எண் எப்போதும் பூஜ்யமாகவே இருந்தால், காமிரா இரவலாகத்தான் போய் வந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.