பருந்தும் எருவையும்: புரொய்டின் லியொனார்டோ ஆய்வு பற்றிய ஒரு நோக்கு

மனிதனின் ஆளுமை எவ்வாறு உருவாகின்றது, அவனது சிந்தனையையும் நடத்தையையும் இயக்குவன யாவை என்னும் வினாக்களுக்கு உளவியல் அளித்த விடைகளுள் இலக்கிய மாணவரைப் பெரிதும் கவர்ந்தது உளப்பகுப்பாய்வே. ஏனைய உளவியலாளர் எலிகளையும் அட்டவணைகளையும் கொண்டு பேசிய காலத்தில், சிக்மண்ட் புரொய்ட் கனவுகளையும் கதைகளையும் கொண்டு பேசினார். இன்றும் நமது கருத்தரங்குகளில் ஒரு பாத்திரத்தின் செயலுக்குக் காரணம் கூறவேண்டி நேரும்போது 'நனவிலி மனம்', 'அடக்கப்பட்ட விருப்பு' முதலாய தொடர்கள் தங்குதடையின்றி வந்து விழுகின்றன. அவை எதனை விளக்குகின்றன என்று கேட்போர் சிலரே. அவ்வாறு கேட்டுப் பார்ப்பதற்கு, லியொனார்டோ டா வின்சியின் குழந்தைப்பருவ நினைவொன்றைப் பற்றிப் புரொய்ட் 1910 இல் வெளியிட்ட சிறுநூல் மிகவும் வாய்ப்பானதாகும்.

பறவைகளின் பறப்புப் பற்றிக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த லியொனார்டோ, இடையில் தமது நினைவொன்றைப் பதிவு செய்கின்றார். தாம் தொட்டிலிற் கிடந்தபோது பறவையொன்று வந்து, தன் வாலினால் தமது வாயைத் திறந்து, உதடுகளுக்குள்ளே பன்முறை அடித்ததாக அவர் எழுதுகின்றார். இச்சிறு குறிப்பிலிருந்து புரொய்ட் ஒரு முழு வாழ்க்கையையும் கட்டியெழுப்புகின்றார். அப்பறவை எருவை. பண்டை எகிப்தில் முத் என்னும் தாய்த்தெய்வம் எருவையின் தலையுடன் உருவகிக்கப்பட்டது. எருவையினத்தில் ஆண் இல்லை, காற்றினாலேயே அவை கருவுறும் என்பது பழைய ஐதிகம். ஆகவே நினைவில் வரும் எருவை, தந்தையின்றித் தனித்திருந்த தாயைக் குறிக்கும். மணவுறவுக்குப் புறம்பே, கத்தரீனா என்னும் எளிய பெண்ணுக்கு 1452 இல் பிறந்த லியொனார்டோ, முதலாண்டுகளில் அவளது மிகையான அன்பிலேயே வளர்ந்திருக்க வேண்டும். அவ்வன்பே அவரது பாலுணர்வின் திசையை வகுத்தது. ஒடுக்கப்பட்ட விருப்பு அறிவுத் தாகமாக உயர்ந்தது. தந்தை தம்மைப் புறக்கணித்தவாறே தாமும் தமது ஓவியங்களை முடிக்காது கைவிட்டார். ஒன்றிலிருந்து ஒன்றாக விரியும் இவ்வாதத்தின் அழகை மறுத்தல் இயலாது. தாம் எழுதியவற்றுள் இதனையே அழகியதாகப் புரொய்டும் கருதினார்.

ஆயின், லியொனார்டோ எழுதிய இத்தாலியச் சொல் 'நிப்பியோ' என்பதாகும். அதன் பொருள் பருந்து. புரொய்ட் பயன்படுத்திய ஜேர்மன் மொழிபெயர்ப்பிலே அது எருவை என மாறியிருந்தது. இப்பிழையை 1923 இல் எரிக் மக்லகன் எடுத்துக்காட்டினார். எகிப்தியத் தெய்வமும் காற்றினாற் கருவுறும் ஐதிகமும் எருவைக்கு உரியனவேயன்றிப் பருந்துக்கு உரியனவல்ல. இதற்கிடையில் ஒஸ்கார் பிஸ்டர் என்பார், பாரிஸ் லூவர் அரும்பொருளகத்திலுள்ள புனித அன்னா ஓவியத்தில் மரியாளின் ஆடைமடிப்புகளிடையே எருவையின் வடிவம் மறைந்திருப்பதாக 1913 இல் எழுதியிருந்தார். புரொய்ட் தமது நூலின் 1919 ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனையும் சேர்த்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளரின் பிழையிற் பிறந்த பறவை ஓவியரின் துணிமடிப்பிலும் காணப்பட்டது என்பது வெறும் வேடிக்கையன்று. காணவேண்டும் என்று முன்னரே தீர்மானித்தவர் கண்ணுக்கு எதுவும் தோன்றும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபிரோ 1956 இல் எழுதிய கட்டுரை இன்னும் ஆழமாகச் சென்றது. பறக்கும் இயக்கத்திற் பருந்தின் வாலசைவு லியொனார்டோவின் ஆராய்ச்சிப் பொருள். அவர் அப்பறவையை நினைந்ததற்கு அதுவே போதிய காரணமாகும். தொட்டிற் குழந்தையின் வாயில் உயிரினங்கள் வந்து எதிர்காலப் பெருமையை உணர்த்துவது பழைய இலக்கிய மரபு. பிளேற்றோவின் உதடுகளில் தேனீக்கள் அமர்ந்த கதை அவ்வகையினதே. மேலும், லியொனார்டோ தமது விலங்குக் குறிப்புகளிற் பருந்தை அழுக்காற்றின் உருவமாகக் காட்டுகின்றார்: கூட்டிலுள்ள குஞ்சுகள் கொழுப்பதைக் கண்டு பொறாது, அது அவற்றைக் கொத்தி இரையின்றி வாட்டுமாம். மிகையன்புத் தாய்க்கு நேர்மாறான படிமம் இது! அன்னாவையும் மரியாளையும் சேர்த்து வரைவதும் லியொனார்டோவின் இரு தாயரின் நினைவினால் மட்டும் விளைந்ததன்று. அக்காலச் சமய ஓவியத்திற் பலரும் கையாண்ட பொருளே அது.

கேர்ட் ஐஸ்லர் 1961 இல் ஒரு பெருநூல் எழுதி ஷபிரோவுக்கு மறுப்புரைத்தார். பறவை மாறினும் அடிப்படைக் கருத்து நிற்கும் என்பது புரொய்டுக்குச் சார்பானோர் வாதத்தின் சாரம். என் நோக்கில் இவ்வாதமே புரொய்டுக்கு மிகுந்த தீங்கு செய்கின்றது. எருவையாயின் அன்புத் தாய், பருந்தாயின் கொடிய தாய். எவ்வாறாயினும் தாயே விடையெனின், சான்று மாறியும் முடிவு மாறாத ஒன்றைச் சான்றின் வழிப்பட்ட விளக்கம் என எவ்வாறு கூறுவது? கார்ல் பொப்பர் உளப்பகுப்பாய்வின்மீது சாட்டிய குறையும் இதுவே. குழந்தையை நீரில் தள்ளிக் கொல்பவனையும், அதனைக் காக்கத் தன்னுயிரைக் கொடுப்பவனையும் ஒரே கொள்கை சமமான இலகுவுடன் விளக்குமாயின், அஃது எதனையும் விலக்கவில்லை என்றார் அவர்.

இதனாற் புரொய்ட் எழுப்பிய வினாவே பிழையெனல் பொருந்தாது. இளமையில் தாய்க்கும் சேய்க்குமிடையே அமையும் உறவு பிற்கால ஆளுமையைப் பாதிக்கும் என்பதை ஜோன் போல்பி முதலானோர் பின்னர் ஆராய்ந்தனர். அவர்கள் உயிருள்ள குழந்தைகளை அவதானித்து அதனைச் செய்தனர். புரொய்டின் சிகிச்சை அறையிலும் நோயாளி 'இல்லை' என்று மறுக்கலாம்; புதிய நினைவொன்றைச் சொல்லி மருத்துவரின் ஊகத்தைக் கலைக்கலாம். 1519 இல் மறைந்த ஓவியருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவரிடம் கேட்கவேண்டியதை ஆவணங்களிடமே கேட்கவேண்டும். அவையோ வேறு கதை சொல்கின்றன. லியொனார்டோவின் பிறப்பையும், பலர் முன்னிலையில் நிகழ்ந்த ஞானஸ்நானத்தையும் தந்தைவழிப் பாட்டனார் தம் கையாலேயே எழுதிவைத்துள்ளார். ஐந்து வயதில் அவர் அப்பாட்டனாரின் இல்லத்தில் இருந்ததை 1457 ஆம் ஆண்டு வரிப்பதிவு காட்டுகின்றது. தந்தைவழிக் குடும்பம் புறக்கணித்த பிள்ளைக்கு இத்தகைய வரவேற்பு ஏன் என்ற கேள்விக்குப் புரொய்டின் நூலில் இடமில்லை.

கலைத்திறனின் தன்மையை உளப்பகுப்பாய்வினால் விளக்கமுடியாது என்று அந்நூலின் இறுதியிற் புரொய்டே ஒப்புக்கொள்கின்றார். அவரைப் பின்பற்றிய திறனாய்வாளர் பலர் இப்பகுதியை வாசியாது விட்டனர் போலும். புரொய்டின் கலை நோக்கினை அறிய விரும்பும் மாணவருக்கு நான் பரிந்துரைப்பது, மைக்கலாஞ்சலோவின் மோசே சிலையைப் பற்றி அவர் 1914 இற் பெயரின்றி வெளியிட்ட கட்டுரையையே. அங்கே சிற்பியின் தொட்டிலைத் தேடி அவர் செல்லவில்லை. தாடியைப் பற்றிய விரல்கள் எந்நிலையில் உள்ளன, கற்பலகைகள் ஏன் தலைகீழாகச் சாய்ந்துள்ளன, சற்று முன்னர் அவ்வுடல் எவ்வாறு அசைந்திருக்கும் என்று கல்லையே உற்று நோக்குகின்றார். அவரது முடிவை ஏற்காதோரும் அக்கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு சிலையின் முன் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.