மலிவுக்குக் காரணம் சொல்லும் செயலி எது?

சிங்கப்பூருக்குப் பிரயாணம் செய்யும் நம்மவர்களுள், விமானச் சீட்டை மாதக்கணக்கில் காத்திருந்து சகாய விலைக்கு வாங்கிவிட்ட சமர்த்தர்கள்கூட, அங்கே தலை சாய்க்க ஓர் அறை தேடத் தொடங்கிய மாத்திரத்தில் திகைத்துப்போவது சாதாரணமாகக் காணக்கூடியது. அந்நகரத்து ஹோட்டல்களின் சராசரி நாள் வாடகை 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 270 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேலேயே நின்றது. நம் நாணயத்தில் அது பதினாறாயிரம் ரூபாய்க்குக் குறையாது. கடற்கரையோரத்து மாளிகைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது என்பது வாஸ்தவந்தான். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளிலும், ஜாலான் புசார், லவெண்டர் வட்டாரங்களிலும் நூறு வெள்ளியை ஒட்டிச் சிற்றறைகளும், அதில் பாதிக்கும் குறைவாக ஒருவர் படுக்கும் கூட்டுப் படுக்கைகளும் கிடைக்கவே செய்கின்றன. ஆயினும், ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் அறுபது லட்சம் மக்கள் வாழும் ஒரு தீவில், காரணமில்லாமல் எந்த அறையும் மலிவாக இருப்பதில்லை. வரி சேர்க்காத விலை, ஜன்னல் இல்லாமை, இட நெருக்கடி, ரயில் நிலையத்துக்கு உள்ள தூரம் என்று ஏதாவது ஒன்று அந்த மலிவுக்குப் பின்னால் நின்றே தீரும். ஆகையால், அறை தேடித் தரும் கைப்பேசிச் செயலிகளைப் பரீட்சித்துப் பார்க்க முற்பட்டபோது, விலை குறைந்ததன் காரணத்தை எது சீக்கிரமாகவும் ஒளிக்காமலும் சொல்கிறது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

இச்செயலிகள் பெயரால் பலவாயினும் குலத்தால் சிலவே. புக்கிங்.காம் 1996-இல் நெதர்லாந்தில் தோன்றியது. அகோடா தாய்லாந்தில் வேர்விட்டு வளர்ந்தது. இவ்விரண்டையும் முறையே 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் பிரைஸ்லைன் என்னும் அமெரிக்க நிறுவனம் வாங்கிக்கொண்டு, 2018-இல் தன் பெயரையே புக்கிங் ஹோல்டிங்ஸ் என்று மாற்றிக்கொண்டது. விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் கயாக்கும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஹோட்டல்ஸ்.காம், டிரிவாகோ ஆகியவை எக்ஸ்பீடியாவின் வசமும், ஸ்கைஸ்கேனர் டிரிப்.காம் குழுமத்தின் வசமும் உள்ளன. எனவே, நாலு செயலிகளைத் திறந்து பார்த்துவிட்டு, சந்தை முழுவதையும் அலசியாயிற்று என்று திருப்தி அடைகிறவர், பாகம் பிரியாத அண்ணன் தம்பிகளிடம் தனித்தனியே விலை விசாரித்தவரைப் போன்றவரே ஆவார். இதை உத்தேசித்து, ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பிரதிநிதி என்ற கணக்கில் சிலவற்றையும், தானாக அறை விற்காமல் பிறருடைய விலைகளைத் திரட்டிக் காட்டும் கூகுளின் ஹோட்டல் தேடலையும், விடுதிகளின் சொந்த இணையதளங்களையும் ஒரே தேதிக்கு, இருவர் தங்கும் அறைக்கு வைத்துப் பார்த்தேன்.

முதல் பரீட்சை விலை. சிங்கப்பூர் வரித்துறை, பொருள் சேவை வரி வசூலிக்கும் வியாபாரிகள் விலைச் சீட்டில் அவ்வரியையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று விதித்திருந்தாலும், சேவைக் கட்டணம் வாங்கும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் மாத்திரம் ஒரு சலுகை அளித்திருக்கிறது. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளை இட்டுவிட்டு, 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தையும், அந்தக் கூட்டுத்தொகையின்மீது 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக உயர்ந்துள்ள வரியையும் பிற்பாடு சேர்த்துக்கொள்வது அங்கே நெடுநாளைய வழக்கம். ஒரு செயலியின் முதல் திரையில் 98 வெள்ளி என்று தடித்த எழுத்தில் நின்ற அறை, பணம் செலுத்தும் பக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது 117 வெள்ளி 50 காசாக வளர்ந்திருந்தது. இதில் வஞ்சகம் ஏதும் இல்லை. கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால், சேவைக் கட்டணம் வாங்காமல், எல்லாம் அடங்க 110 வெள்ளி என்று நேர்மையாக எழுதியிருந்த வேறொரு விடுதி, மலிவு வரிசைப்படி அடுக்கிய அந்தப் பட்டியலில் இதற்குக் கீழே தள்ளப்பட்டிருந்ததை என்னவென்று சொல்வது! வரியும் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையைக் காட்டு என்று ஆணையிடும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் சிலவற்றில் அது அமைப்புகள் என்னும் பகுதிக்குள் அடக்கமாக ஒதுங்கியிருக்கிறது. தேடலைத் தொடங்குமுன் அதைத் தேடிப் பிடித்து மாற்றிவிடுவது முதற்கடமை. விலையை ரூபாயில் பார்ப்பது கண்ணுக்கு இதமாக இருந்தாலும், பெரும்பாலான இந்திய வங்கி அட்டைகள் அந்நிய நாணயச் செலவுக்கு 2 முதல் 3.5 விழுக்காடு வரை தனியே பிடித்துக்கொள்ளும் என்பதையும் அந்தத் தொகையோடு கூட்டிப் பார்ப்பது விவேகம்.

இரண்டாவது பரீட்சை ஜன்னல். நம் ஊரில் இப்படி ஒரு கேள்வியே எழாது. சிங்கப்பூரில் அதுவே பிரதானம். பழைய கடைவீடுகள் முகப்பில் குறுகியும் உள்ளே நெடுக நீண்டும் கட்டப்பட்டவை. அவற்றை விடுதியாக மாற்றிப் பத்துப் பன்னிரண்டு அறைகளாகத் தடுக்கும்போது, வீதியை நோக்கிய அறைகளுக்கும் கொல்லைப் பக்கத்து அறைகளுக்கும் வெளிச்சம் போய்விட, நடுவே அகப்பட்டவை இருட்டறைகளாகி, அந்த இருட்டின் காரணமாகவே மலிவறைகளும் ஆகின்றன. நான் பார்த்த ஓர் அறையின் படத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரைச்சீலை சரிகைக் கரையோடு கம்பீரமாகத் தொங்கியது. நேரில் போய் விலக்கிப் பார்த்தால் அதன் பின்னே வெள்ளை அடித்த சுவர்தான் இருந்தது! அறையின் விவரங்களை மறுபடி எடுத்துப் படித்தபோது, முடி உலர்த்தும் கருவிக்கும் துணி மாட்டிக்கும் நடுவே, "ஜன்னல் இல்லை" என்ற இரண்டு சொற்கள் பொடி எழுத்தில் இருக்கவே இருந்தன. இந்த விஷயத்தில் டிரிப்.காம் செயலி மற்றவற்றைவிட ஒரு படி மேல்: அறை வகையின் பெயருக்கு அருகிலேயே ஜன்னல் உண்டா, இல்லையா, சில அறைகளுக்கு மட்டும் உண்டா என்று எழுதிவிடுகிறது. சில அறைகளுக்கு மட்டும் என்றிருந்தால், நமக்குக் கிடைப்பது இல்லாத அறையே என்று முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்வது மனநிம்மதிக்கு நல்லது. அறையின் பரப்பளவைப் பல செயலிகள் சதுர மீட்டரில் சொல்கின்றன. பத்துச் சதுர மீட்டர் என்றால் சுமார் 108 சதுர அடி, அதாவது கட்டிலும் குளியலறையும் போக இரண்டு பெட்டிகளை ஒரே சமயத்தில் விரித்து வைக்க இடம் இராது என்று பொருள்.

மூன்றாவது, இருப்பிடம். நகர மையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று செயலிகள் காட்டும் நேர்கோட்டுத் தூரத்தால் பிரயோஜனம் அதிகம் இல்லை. பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ள ஊரின் வெயிலிலும் மழையிலும் பெட்டியை இழுத்துக்கொண்டு எம்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்பதே கேள்வி. இதற்குப் பட்டியலை மூடிவிட்டு வரைபடத்தைத் திறக்க வேண்டும். பாலஸ்டியர் சாலையில் அறைகள் சகாயமாக இருப்பதன் ரகசியம் அங்கே விளங்கிவிடும்: அச்சாலையில் ரயில் நிலையம் இல்லை, பேருந்தை நம்ப வேண்டும். கேலாங்கில் சாப்பாடு பிரமாதம், அல்ஜுனிட் நிலையமும் பக்கம்; ஆனால் அதன் சந்துகளில் சில, அரசாங்கத்துக்குத் தெரிந்தே நடக்கும் சிவப்பு விளக்குப் பகுதி என்பதை எந்தச் செயலியும் சொல்லாது; குடும்பத்தோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும். சாங்கி விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் எக்ஸ்போவில் டௌன்டவுன் பாதைக்கு மாறினால், பெண்டமியரும் ஜாலான் புசாரும் முன்னதாகவே வந்துவிடுகின்றன. அதே ரயில் மெரினா பே வட்டாரத்தைச் சுற்றிக்கொண்டு அப்புறந்தான் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறது. முஸ்தபா கடைக்கும் தேக்கா சந்தைக்கும் நடந்து போகக்கூடிய தொலைவிலேயே இருந்தும், லிட்டில் இந்தியா என்ற பெயர் இல்லாத காரணத்தால் தேடுவோர் கண்ணில் படாமல் போகும் அறைகள் ஜாலான் புசார் பக்கம் பல உண்டு. வரைபடத்தில் கூகுளுக்கு நிகர் இல்லை: விலைகள் வரைபடத்தின் மேலேயே நிற்கின்றன, வீதிக் காட்சியைத் திறந்து விடுதியின் வாசலில் போய் நின்று, மாடிக்குச் செங்குத்தான படிக்கட்டு மாத்திரந்தானா என்றுகூடப் பார்த்துக்கொள்ளலாம். முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். வரைபடத்தை வடக்கே நகர்த்தினால், கடற்பாலத்துக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் பாதி விலைக்கு அறைகள் தென்படும். இரண்டு நாட்டுக் குடிநுழைவு வரிசைகளிலும் தினந்தோறும் நிற்கத் துணிந்தவர்களுக்கே அவை லாபம்.

நான்காவது, தேதி. 2008 முதல் நடந்துவரும் ஃபார்முலா 1 இரவுப் பந்தயம் செப்டம்பர், அக்டோபரில் வரும். இரட்டைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் விமானக் கண்காட்சி. இவற்றோடு சீனப் புத்தாண்டும் ஆண்டிறுதி விடுமுறையும் உண்டு. இந்நாட்களில் ஜன்னலற்ற அறையும் ராஜ மரியாதையை எதிர்பார்க்கும். நாள்வாரியாக விலையைக் காட்டும் நாட்காட்டி உள்ள செயலியில், பயணத்தை ஒரு வாரம் நகர்த்தினால் எவ்வளவு மிச்சம் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. வேறெந்தத் தள்ளுபடியும் அதற்கு ஈடாகாது. கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் பதிந்து வைத்துக்கொண்டு, விலை இறங்கினால் மாற்றிக்கொள்வது நல்ல யுக்தி. ஆனால் ரத்துக்கான கெடு சிங்கப்பூர் நேரப்படி கணக்கிடப்பட்டால், அங்கே நள்ளிரவு என்பது இங்கே இரவு ஒன்பதரை மணி என்பதை மறக்கலாகாது.

இனி, செயலிகளின் சுபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவை தரகர்கள், விடுதிகளிடம் சுமார் 15 விழுக்காட்டை ஒட்டித் தரகு பெறுகிறவை. "ஒரே ஓர் அறைதான் மிச்சம்", "இப்போது பலர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று சிவப்பு எழுத்தில் அவசரப்படுத்துவது அத்தொழிலின் பழைய வித்தை. பிரிட்டனின் போட்டிச் சந்தை ஆணையம் இதை விசாரித்து, தவறான அவசரத்தை உண்டாக்கமாட்டோம், கட்டாயக் கட்டணங்களை மறைக்கமாட்டோம், தரகு கூடினால் வரிசையில் இடம் மாறக்கூடும் என்பதைத் தெரிவிப்போம் என்றெல்லாம் ஆறு பெரிய தளங்களிடம் 2019-இல் உறுதிமொழி வாங்கியது. இப்போது குரல் தணிந்திருக்கிறதே தவிர, பழக்கம் அடியோடு போய்விடவில்லை. மதிப்புரைகளைப் பொறுத்தவரை, தங்கியவர் மாத்திரமே எழுதக்கூடிய புக்கிங்.காமின் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண், யாரும் எழுதக்கூடிய கூகுளின் நட்சத்திரங்களைவிட நம்பத் தகுந்தது. ஆனால் கூகுளில் மதிப்புரைகளுக்குள்ளேயே ஒரு சொல்லைத் தேட முடியும். ஜன்னல், ஈர நாற்றம், மூட்டைப்பூச்சி, இரைச்சல் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தால், மொத்த மதிப்பெண் மறைத்துவைத்த சமாசாரங்கள் வெளியே வந்துவிடுகின்றன.

செயலிகள் எல்லாமே கைவிடும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் விமானங்கள் சிங்கப்பூரை விடியற்காலையில் சென்றடைகின்றன. விடுதிகளோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அறை தருகின்றன. "முன்னதாக வருவோம்" என்று செயலியின் பெட்டியில் எழுதி அனுப்பினால், இயன்றால் பார்ப்போம் என்ற வாய்பாடான பதிலே வருகிறது. விடுதியின் சொந்தத் தளத்தில் விலையை ஒத்துப் பார்த்து, வித்தியாசம் சொற்பமானால் அங்கேயே பதிந்துகொண்டு, நேரடியாகத் தொலைபேசியில் பேசிப் பெட்டிகளை வைக்கவாவது இடம் கேட்டு வைப்பதே உத்தமம். தனியார் வீடுகளில் மலிவாகத் தங்கலாமே என்று எண்ணுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சிங்கப்பூரில் தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கும், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டைக் குறைந்தது ஆறு மாதங்களுக்கும்தான் வாடகைக்கு விடலாம், சில நாட்களுக்கென்று காட்டப்படும் வீடு சட்டத்துக்குப் புறம்பானது.

என் அபிப்பிராயத்தைத் தொகுத்துச் சொன்னால்: இடத்தையும் தேதியையும் தீர்மானிக்கக் கூகுள், ஜன்னலையும் அளவையும் சரிபார்க்க டிரிப்.காம், ரத்து வசதியோடு பதிந்து வைக்க, மொத்த விலை எதில் குறைவோ அந்தத் தரகுச் செயலி, கடைசியாக ஒரு முறை விடுதியின் சொந்தத் தளம். இந்த நான்கையும் ஒருங்கே செய்து முடிக்கும் செயலி இன்னும் வரவில்லை. தனியாக, பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு இரவில் தூங்க மாத்திரம் இடம் வேண்டுகிறவர் ஜன்னலைத் தாராளமாகத் துறக்கலாம். கூட்டுப் படுக்கையே அவருக்குப் போதும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்கிறவர் இருபது வெள்ளி கூடுதலாகக் கொடுத்தாலும் ஜன்னலும் மின்தூக்கியும் உள்ள அறையையே கொள்ள வேண்டும். ஓர் அறை ஏன் மலிவு என்பதற்குப் பதில் கிடைக்காத வரையில், பணம் செலுத்தும் பொத்தானை யாரும் தொட வேண்டியதில்லை.