பாதி வழியில் ஏறிய ஓட்டுநர்

முதல் 6 போட்டிகளில் 5 புள்ளி. அதிலும் முதல் 4 போட்டிகளில் ஒரு கோல்கூட இல்லை. 2019 நவம்பர் கடைசியில் பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகியபோது சென்னையின் எஃப்சி கிடந்த நிலை இது. டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கொய்ல் வந்தார். மிச்சமிருந்த 12 லீக் போட்டிகளில் 24 புள்ளி எடுத்து, நான்காவது இடம் பிடித்து, அணியை ஐஎஸ்எல் கால்பந்து இறுதிப் போட்டி வரை இழுத்துப் போனார்.

பெரிதாக ஆள் மாறவில்லை. தயக்கம்தான் போனது. ரஃபேல் கிரிவெல்லாரோவை இஷ்டத்துக்கு உலவ விட்டார். முன்னால் நின்ற லித்துவேனியர் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டுத் தங்கக் காலணியை வாங்கினார். சாங்டே ஓரத்தில் பறந்தார். ஆனால் பின்கதவு திறந்தே கிடந்தது. கோவாவுடனான அரையிறுதியைப் பாருங்கள்: சென்னையில் 4-1 வெற்றி, ஃபட்டோர்டாவில் 2-4 தோல்வி, மொத்தத்தில் 6-5. கொய்லின் ஆட்டத்தை ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால் இந்த ஸ்கோர் போதும். 2020 மார்ச் 14-ல் கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் நடந்த இறுதியில் ஏடிகே அந்தக் கதவு வழியாகவே நுழைந்தது. 3-1.

நம் புதுச்சேரிக்கு ஐஎஸ்எல் அணி கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் போய் நேரு விளையாட்டரங்கில் உட்கார்ந்தால் சென்னைதான் நமக்குச் சொந்த அணி. வேலைக்குக் கடல் தாண்டுவதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் வரை போன சொல்தாக்களின் ஊர் இது. அதனால் ஒப்பந்தத்தை நம்பிக் கண்டம் மாறும் மனிதரை, கோப்பைக் கணக்கோடு மட்டும் நிறுத்தாமல் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கத் தோன்றுகிறது.

கொய்ல் அப்படி நிறைய மாறியவர். 1966-ல் பெய்ஸ்லியில் பிறந்தவர், ஆடியது அயர்லாந்துக்கு, அதுவும் ஒரே ஒரு போட்டி. 2007 நவம்பரில் பர்ன்லிக்கு வந்தார். 2009-ல் வெம்ப்ளியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை வீழ்த்தி, 33 ஆண்டுக்குப் பின் அந்தச் சிற்றூரை இங்கிலாந்தின் முதல் தட்டுக்குக் கொண்டு வந்தார். அடுத்த ஆகஸ்டில் பர்ன்லி மான்செஸ்டர் யுனைடெட்டையே வென்றது. ஆனால் 2010 ஜனவரியில் பக்கத்து ஊரான போல்டனுக்குப் போய்விட்டார். பர்ன்லி ரசிகர்கள் ‘யூதாஸ்’ என்று ஏசினார்கள். போல்டனை அந்த ஆண்டு காப்பாற்றினார், 2011-ல் எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் ஸ்டோக்கிடம் 0-5 என்று நொறுங்கினார், 2012-ல் அணி கீழிறங்கியது. பிறகு விகன், ஹூஸ்டன், பிளாக்பர்ன், ராஸ் கவுன்டி. இவற்றில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆக, பழுதான பேருந்தில் பாதி வழியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து ஊர் சேர்ப்பதில் கெட்டிக்காரர். அதே வண்டியை வருடக்கணக்கில் ஓட்டச் சொன்னால்தான் சிக்கல்.

இந்தக் கணக்கில் அடங்காத ஒரே இடம், 2020-ல் சென்னையை விட்டபின் அவர் போன ஜாம்ஷெட்பூர். முதல் ஆண்டு ஆறாவது இடம். இரண்டாம் ஆண்டில், 2021-22-ல், 43 புள்ளிகளோடு முதலிடம், லீக் கேடயம். அந்தப் பருவத்திலிருந்து களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் என்று விதி இறுகியிருந்தது. கொய்ல் அதற்குத் தகுந்தாற்போல் இந்திய வீரர்களை நம்பினார். கேடயத்தை உறுதிசெய்த மோகன் பகான் போட்டியில் ஒரே கோலைப் போட்டவர் ரித்விக் தாஸ். கிரெக் ஸ்டூவர்ட் 10 கோல் போட்டு, 10 கோலுக்கு வழியும் செய்தார். ஜாம்ஷெட்பூருக்கும் வந்திருந்த வால்ஸ்கிஸ் பருவத்தின் நடுவில் கிளம்பிப் போனதும் டேனியல் சீமாவைக் கொண்டுவந்தார், அணி தடுமாறவில்லை. என்னைக் கேட்டால் அவருடைய ஆகச்சிறந்த வேலை அதுதான், சென்னையின் அந்த இறுதி ஓட்டம் அல்ல. அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் தோற்றதால் அது பாதி மறந்துபோயிற்று. நாக்அவுட் வைத்த லீக்கில் உழைப்புக்கு மரியாதை குறைவுதான்.

இடையில் ஸ்காட்லாந்தின் குயின்ஸ் பார்க்கில் ஒரு பருவம். 2023-ல் மறுபடி சென்னை. இந்த முறை பழுது பார்க்க அழைக்கவில்லை, கட்டியெழுப்ப அழைத்தார்கள். முதல் பருவம் ஆறாவது இடம். 2020-க்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃப், அங்கே கோவாவிடம் 1-2. அடுத்த பருவம் 13 அணிகளில் 11-வது. ஜாம்ஷெட்பூரில் கைகொடுத்த சீமாவும் இங்கே இருந்தார், கிரிவெல்லாரோவும் ஒரு பருவம் திரும்பி வந்திருந்தார். பழைய ஆட்களால் பழைய வேகத்தைத் தர முடியவில்லை. தோல்வியை முழுக்க அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆண்டுதோறும் அணியைக் கலைத்துச் சேர்க்கும் நிர்வாகத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் முன்னிலை பெற்ற பின் ஆட்டத்தை அடக்கிக் கொண்டுபோகத் தெரியாத குறை 2020-ல் இருந்தது, 2025-லும் இருந்தது. அது பயிற்சியாளரின் கணக்கு.

2025 ஜூலையில் அவர் விலகினார். சென்னையின் எஃப்சி அடுத்து அமர்த்தியது கோவாக்காரர் கிளிஃபோர்டு மிராண்டாவை. கொய்ல் கேடயம் வென்ற ஜாம்ஷெட்பூரைப் பின்னாளில் நடத்திய காலித் ஜமீலோ, அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய அணியின் பயிற்சியாளரானார்.