பக்கத்தோடு கட்டிய சட்டகம்: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் செராஸ் வட்டாரத்தில் வெளிவரும் கும்பாபிஷேக மலரையோ தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரையோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைத் தவிர அதில் இருவகைப் பொருள்கள் உண்டு: கட்டுரையைச் சார்ந்த படம், இடத்தைச் சார்ந்த விளம்பரம். படம் தன் பத்தியைப் பிரிந்தால் பொருள் கெடும். விளம்பரம் தன் பக்கத்தை விட்டு நகர்ந்தால் பணம் கொடுத்தவருக்கு மலர்க்குழு பதில் சொல்ல வேண்டிவரும். இவ்வேறுபாட்டை ஒரு சொற்செயலி எந்த அளவுக்கு மதிக்கிறது என்பதே இங்கு அளவுகோல்.

பக்க வடிவமைப்பு மென்பொருள்களான, 1985இல் வந்த பேஜ்மேக்கரும் பின்வந்த இன்டிசைனும் பக்கத்திலிருந்து தொடங்கின. எழுத்து பிறகு வந்து நிரம்பியது. சொற்செயலிக்கு எழுத்தோட்டமே முதல். பக்கம் அதன் விளைவு. மைக்ரோசாப்ட் வேர்ட் இக்கொள்கையில் உறுதியாக நிற்கிறது. மிதக்கும் பொருள் எதுவானாலும் அதன் நங்கூரம், அதாவது அது கட்டப்படும் இடம், ஏதேனும் ஒரு பத்தியில்தான். பக்க விளிம்பிலிருந்து அளந்து இடம் குறிக்கலாம், நங்கூரத்தைப் பூட்டலாம். ஆயினும் பத்தி அடுத்த பக்கம் போனால் பொருளும் உடன் போகும், பத்தியை அழித்தால் அதுவும் அழியும். கட்டுரைப் படத்துக்கு இது பாதுகாப்பு, விளம்பரத்துக்கோ ஆபத்து. கொள்கை முரணற்றது, ஆனால் முழுமையற்றது.

லிப்ரேஆபிஸ் ரைட்டர் பக்கம், பத்தி, எழுத்து, எழுத்தாகவே, சட்டகம் என ஐவகை நங்கூரம் தருகிறது. பக்கத்தோடு கட்டினால், ஓடிஎஃப் கோப்பில் அப்பொருளுக்கு எதிரே ஒரு பக்க எண் மட்டுமே பதிவாகும். எந்தப் பத்தியோடும் அதற்கு உறவில்லை. 5ஆம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு விளம்பரச் சட்டகம் இருக்கிறது என்று கொள்வோம். ஆலயத் தலைவரின் வாழ்த்துரை கடைசி நேரத்தில் நீள்கிறது. அல்லது விண்டோஸில் லதா எழுத்துருவில் அமைத்த கோப்பு மேக் கணினியில் இணைமதிக்கு மாறி, வரிகள் வேறிடத்தில் உடைகின்றன. எழுத்து நகர்ந்து, சட்டகத்தைச் சுற்றிக்கொண்டு போகும், விளம்பரம் அசையாது. எழுத்துரு மாறினாலே பக்கக் கணக்கு மாறும் தமிழ் மலர்களில் இது சிறிய பயனன்று.

குறைகள் மூன்று. முதலாவது கருத்தளவிலானது: ரைட்டர் பொருளைப் பக்கத்தோடு கட்டவில்லை, பக்க எண்ணோடு கட்டுகிறது. வாழ்த்துரைக்கு எதிர்ப்பக்கம் என்று சொல்லி விற்ற விளம்பரத்தை 5இல் கட்டிவிட்டு, முன்னால் உள்ளடக்கப் பக்கங்களைச் செருகிப் பாருங்கள். வாழ்த்துரை பின்னால் போய்விடும். விளம்பரம் 5இலேயே நின்று வேறு எவருக்கோ எதிர்ப்பக்கமாகும். பத்தி நங்கூரமும் இந்த உறவைக் காக்காது, பக்க நங்கூரமும் காக்காது. மற்ற இரண்டும் நடைமுறையிலானவை. தனித்தனிக் கோப்புகளை முதன்மை ஆவணத்தில் சேர்க்கும்போது பக்கத்தோடு கட்டியவை காணாமல் போகும்; ரைட்டர் கையேடே இதை எச்சரிக்கிறது. வேர்டின் டாக்எக்ஸ் வடிவத்தில் பக்க எண்ணோடு கட்ட வழியே இல்லாததால், அவ்வடிவில் சேமித்துக் கைமாறும் கோப்பு இந்தப் பிணைப்பை இழக்கும். பலர் கைபட்டு உருவாகும் மலருக்கு இது கடுமையான குறை.

மாற்று வழிகளும் முழு விடையல்ல. பக்கப் பாணியின் தலைப்பகுதியில் சட்டகத்தை வைப்பது, பக்கந்தோறும் வரவேண்டிய ஆலயச் சின்னத்துக்குச் சிறந்தது. ஒரே பக்கத்து விளம்பரத்துக்கென ஒரு தனிப் பாணி அமைப்பது வீண் சுமை.

ஆகவே, பக்க நங்கூரம் தேவையான கருவி. ரைட்டர் அதை வழங்கியதில் வேர்டை விஞ்சுகிறது. எண்ணை அடையாளமாகக் கொண்டதில் பாதியில் நின்றுவிடுகிறது. இடத்துக்குரியதைப் பக்கத்தோடும், வாக்கியத்துக்குரியதைப் பத்தியோடும் கட்டுக. பக்க எண்ணிக்கை உறுதியான பின்னரே விளம்பரங்களைக் கட்டுக. வேலை முடியும்வரை கோப்பு ரைட்டரின் ஓடிடி வடிவிலேயே இருக்கட்டும். அச்சகத்துக்கு பிடிஎஃப் மட்டும் போகட்டும். இந்த ஒழுங்கு இயலாத குழுவுக்குப் பக்கத்தையே முதலாகக் கொண்ட வடிவமைப்பு மென்பொருள்தான் ஏற்றது.