வேளாங்கண்ணி நடையை எப்படி ரசிப்பது?

ஆகஸ்ட் பாதி கடந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் காவி நிறமாகிவிடும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்த நாள். அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று சென்னையிலிருந்து குழுகுழுவாகக் கிளம்புகிறார்கள். முன்னால் விளக்கு கட்டிய சப்பர வண்டி, பின்னால் பாட்டும் செபமாலையும். நேர்ந்துகொண்டவர்கள்தான் பெரும்பாலும், அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. நடக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றை மட்டுமே வைத்திருப்பவரும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம், யாரும் எதுவும் கேட்பதில்லை. சென்னை ராயப்பேட்டையிலிருந்து தூரம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

முதல்முறை போகிறவர்கள் பலருக்கு மூன்றாம் நாளிலிருந்து வழியே கண்ணில் படுவதில்லை. குதிகால் கொப்புளம், தொடை உரசல், தோளில் பை அறுப்பது, இவற்றோடே பொழுது போய்விடும். பக்கத்தில் கடல் இருந்தும் பார்க்க முடியாது. அதனால்தான் இந்த நடையை ரசிப்பதற்கான வேலை மூன்று மாதம் முன்பே, வீட்டு வாசலில் தொடங்குகிறது என்கிறேன். உடம்பின் தொல்லைகளை இங்கேயே தீர்த்துக்கொண்டால் கண்ணும் காதும் அங்கே சும்மா இருக்கும். சும்மா இருக்கும் கண்தான் பார்க்கும்.

ராயப்பேட்டைக்காரர்களுக்கு நல்ல பயிற்சி வழி ஒன்று இருக்கிறது. விடிவதற்கு முன் மணிக்கூண்டில் தொடங்குங்கள். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, ராதாகிருஷ்ணன் சாலையைக் கடந்து, சமஸ்கிருதக் கல்லூரி வழியாக லஸ் முனை. அங்கே கொஞ்சம் உள்ளே தள்ளி 1516இல் போர்த்துகீசியர் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. மயிலாப்பூர்க்காரர்கள் காட்டுக்கோயில் என்பார்கள். பிறகு கச்சேரி ரோடு, சாந்தோம், பட்டினப்பாக்கம், திரு.வி.க. பாலம், அடையாறு, கடைசியில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயம். எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வரும். வழியில் மெட்ரோ தடுப்பும் உடைந்த நடைபாதையும் உண்டு. அவற்றைத் திட்டாதீர்கள். மேடு பள்ளத்தில் கணுக்கால் பழகுவதுபோலப் பூங்காவின் சமதளத்தில் பழகாது.

முதல் மாதம் வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை இந்த வழி. இரண்டாம் மாதம் ஞாயிறன்று போய்ச் சேர்ந்ததும் நடந்தே திரும்புங்கள். மூன்றாம் மாதம்தான் முக்கியம்: சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து இருபது கிலோமீட்டர். முதல் நாள் யாராலும் நடக்க முடியும். இரண்டாம் நாள் காலை, இறுகிப்போன கெண்டைக்காலோடு படியிறங்கி மறுபடி கிளம்புவதுதான் நெடுநடை. அந்த இறுக்கம் அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும் என்பதை ஒருமுறை உடம்பால் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் நடையைப் பாதியாகக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

செருப்பா, ஷூவா? நேர்ந்துகொண்டு வெறுங்காலில் போகிறவர்கள் உண்டு. அவர்கள் உச்சி வெயிலில் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள்; தார் அளவுக்கு அது சுடாது. வெறுங்கால் பழக்கம் மாதக்கணக்கில் வர வேண்டியது, கிளம்பும் வாரம் முடிவு செய்கிற விஷயம் அல்ல. மற்றவர்கள் ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நின்று கால் வீங்கியிருக்கும், நெடுநடையில் இன்னும் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். வாங்கிய ஷூவைப் பெசன்ட் நகர் வழியில் தேய்த்துப் பழக்கிய பிறகே பயணத்துக்கு எடுக்க வேண்டும். பருத்திச் சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். விளையாட்டுக்காரர்கள் போடும் செயற்கை இழைச் சாக்ஸ் மேல். கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓரிடம் சூடாக உறுத்தும். அந்த நிமிடமே உட்கார்ந்து, துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். குழு முன்னே போய்விடுமே என்று வெட்கப்பட்டு நடப்பவர்தான் மறுநாள் வண்டியில் ஏறுகிறார். தொடை இடுக்குக்கு வாசலின். சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் காலைக் காட்டாமல் கிளம்பக் கூடாது; மரத்துப்போன காலுக்குப் புண் தெரியாது.

எவ்வளவு வேகம் என்பதற்கு ராஜாஜியைப் பாருங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து உப்பெடுக்கக் கிளம்பினார்கள். சுமார் 240 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். நாளைக்குச் சராசரி 16 கிலோமீட்டர்தான். ராஜாஜிக்கு அப்போது வயது 51. சித்திரை வெயில், சோறு போடுகிறவர்களைச் சிறையில் தள்ளுவோம் என்று அரசு மிரட்டல், ஆனாலும் வழியெல்லாம் ஊர் ஊராக நின்று பேசிக்கொண்டே போனார்கள். நம் குழுக்கள் பலவும் நாளைக்கு 35 கிலோமீட்டர் ஓட்டி, ஒன்பது பத்து நாளில் முடித்துவிடப் பார்க்கின்றன. முதல்முறைக்கு 25 போதும். அத்தனை நாள் விடுப்பு கிடைக்காதென்றால் புதுச்சேரி வரை நடந்துவிட்டு, மீதியை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரட்டி முடித்த முந்நூறைவிட நின்று பார்த்த நூற்றைம்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இனி வழி. இந்தச் சாலையை ரசிக்க எனக்குத் தெரிந்த சிறந்த முறை ஆறுகளைப் பிடித்துக்கொண்டு போவது. பஸ்ஸில் போனால் அவை ஒவ்வொன்றும் அரை நிமிடப் பாலம். நடந்தால் ஒவ்வொன்றும் ஒரு எல்லை. அடையாற்றைப் பயிற்சியிலேயே கடந்துவிட்டீர்கள். முட்டுக்காட்டில் உப்பங்கழி. கல்பாக்கத்துக்குத் தெற்கே பாலாறு; பெரும்பாலும் மணல்தான், ஆனால் அந்த மணலின் அகலத்தைக் காலால் அளக்கும்போதுதான் ஒரு காலத்தில் எவ்வளவு தண்ணீர் வந்திருக்கும் என்று புரிகிறது. அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்புகள். பாட்டுப்பெட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். கடற்காற்றில் சவுக்கு எழுப்பும் ஓசைக்கும் அலையோசைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் காது சில நாள் எடுத்துக்கொள்ளும். மரக்காணத்தில் உப்பளங்கள், ஆகஸ்டில் வெள்ளைக் குவியல்கள் இருக்கும், மேலே ஓலை போர்த்தியிருப்பார்கள். விடியலில் அங்கே இருக்குமாறு நடையைத் திட்டமிடுங்கள், பகலில் அந்த வெண்மை கண்ணைக் கூசவைக்கும்.

கடலூரில் தென்பெண்ணையும் கெடிலமும் அடுத்தடுத்து. பிறகு வெள்ளாறு. பிறகு கொள்ளிடம். அந்தப் பாலத்தில் கட்டாயம் நில்லுங்கள். மேட்டூர் வழக்கம்போல ஜூன் 12இல் திறந்திருந்தால் தென்கரையில் இறங்கியதுமே குறுவைப் பச்சை தொடங்கும். மணலையும் செம்மண்ணையும் நாள்கணக்கில் மிதித்து வந்த காலுக்கு வண்டல் மண்ணின் ஈரம் உடனே தெரியும். காற்றின் வாசனையே மாறியிருக்கும். வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும் சத்தம் அதன்பின் கூடவே வரும். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. சாலையிலிருந்து கொஞ்சம் விலகிப் போக வேண்டும், போய்விட்டு வாருங்கள்.

அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் நிறுத்துங்கள். வெயில் தாழ்ந்தபின் மீதி. இருட்டில் நடக்கும்போது எதிரே வண்டி வரும் பக்கம், அதாவது சாலையின் வலது ஓரம், ஒற்றை வரிசை. முதுகில் ஒளிரும் பட்டை வேண்டும். இந்தச் சாலையில் வண்டிகள் வரும் வேகத்தை நினைத்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கடலைமிட்டாய், மாற்றுத்துணி ஒன்று, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. ஆகஸ்ட் மாலைகளில் இடிமழை வரும்.

சாப்பாட்டை நிறையச் சுமக்க வேண்டாம். வழியெல்லாம் மோர், தண்ணீர், பொங்கல், சுக்குக் காப்பி வைத்துக்கொண்டு யாராவது கூப்பிடுவார்கள். சம்பளக்காரர்களுக்கு ஆரம்பத்தில் கை நீளாது. “பரவாயில்லைங்க, வேண்டாம்” என்று நகர்ந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நமக்காகக் கருக்கலிலேயே எழுந்து அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். கொஞ்சமாக வாங்கி, அங்கேயே நின்று சாப்பிட்டு, எந்த ஊர், எத்தனை வருடமாகச் செய்கிறார்கள் என்று இரண்டு வார்த்தை பேசுங்கள். கப்பையும் தட்டையும் அவர்கள் வைத்த தொட்டியிலேயே போடுங்கள். இந்த நடையின் பெரிய சுவை எனக்கு இதில்தான் இருக்கிறது.

கடைசி நாள் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். நாகப்பட்டினத்தை எட்டியதும் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, ராத்திரியே போய்விடலாம் என்பார்கள். வேண்டாம். அன்றிரவு நாகப்பட்டினத்திலேயே படுங்கள். சாக்ஸைத் துவைத்துக் காயப்போட்டு, காலுக்கு எண்ணெய் தடவித் தூங்கி எழுந்து, காலையில் நடந்து போய்ச் சேருங்கள்.