ஸ்டேக்கும் அதன் பிரதிகளும்

மாட்டிறைச்சி நான் சாப்பிட்டிருக்கிறேன். இதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுவது நியாயமாகாது. அசலை ருசி பார்க்காதவன் பிரதியைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது, மூலத்தைப் படிக்காமல் மொழிபெயர்ப்பைக் குறை சொல்வது மாதிரி. அதையும் நம்மில் பலர் செய்துகொண்டுதான் இருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

2023-ல் அமெரிக்காவில், டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஒரு நண்பர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடுவதே அந்த வீட்டில் ஸ்டேக்கை முன்னிட்டுத்தான். அறுபது வயதுக்குமேல் அவர் இறைச்சியை விட்டுவிட்டார். கன்றுகளைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்கவில்லை என்றார். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் மற்றவர்கள் கத்தியும் முள்ளுமாக உட்கார்ந்திருக்க, இவர் உருளைக்கிழங்கோடு உட்கார வேண்டியதாயிற்று. அதனால்தான் பிரதிகளைத் தேட ஆரம்பித்தார். நான் இருந்த ஒரு ஞாயிறு, மூன்றைச் சமைத்து வைத்து என் தீர்ப்பைக் கேட்டார்.

கொத்துக்கறியைப் பாவனை செய்வது சுலபம். அதன் உருவம் முன்பே அழிந்துவிட்டது. ஸ்டேக் தசையின் முழுத்துண்டு. ஒரே திசையில் ஓடும் நார், ஊடே வரிவரியாகக் கொழுப்பு, சூட்டில் கறுத்துப் பொருக்குத் தட்டிய மேல்பக்கம், உள்ளே சிவந்த ஈரம். பல்லை எதிர்த்து நின்று, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். பிரதியின் சோதனை அங்கேதான்.

முதலாவது, காலிபிளவரைத் தடித்த பலகையாக அறுத்துச் சட்டியில் வாட்டியது. பெயரைத் தவிர வேறு பாசாங்கு கிடையாது. வெண்ணெயும் மிளகும் ஏறி நன்றாகவே இருந்தது. ஆனால் நூறு கிராமில் இரண்டு கிராம் புரதந்தான். மாட்டிறைச்சியில் இருபதுக்கு மேல். ஒரு மணி நேரத்தில் பசித்தது.

இரண்டாவது, கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் அலசி அலசி, மாவுப்பால் போனபின் மிஞ்சும் பசையில் செய்தது. சீனத்துப் பௌத்த மடங்களில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கும் பண்டம். அதையே மாமிசம்போல் சமைத்து வைப்பதும் அங்கே உண்டு. பிரதி செய்வது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வித்தை என்று எண்ண வேண்டாம். சோயாச் சாறு ஊறி ருசியாக இருந்தது. புரதமும் ஏராளம். ஆனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே மாதிரி இழுபட்டது. நாரோட்டம் இல்லை.

மூன்றாவது, கடையில் உறையவைத்து விற்பது. புரத மாவை நீரோடு சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் குழைத்து, குளிர்ந்த அச்சு வழியாகத் தள்ளுகிறார்கள். முறுக்கு பிழிகிற காரியந்தான். ஆனால் அச்சுக்குள் ஆறும்போது புரதம் ஒரே திசையில் நாராகப் படிகிறது. முதல் இரண்டு கவளம் என்னை ஏமாற்றிவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஐந்தாவது கவளத்தில் விஷயம் வெளிப்பட்டது. எல்லாக் கவளமும் ஒன்றுபோல் இருந்தன. அசலில் ஓரம் வேறு, நடு வேறு, கொழுப்பருகே வேறு. ஒரு பிராணி நடந்து, மேய்ந்து, படுத்த வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. இந்தக் குறை செய்கிறவர்களுக்கும் தெரியும். ஸ்லோவேனியாவின் ஜூஸி மார்பிள்ஸ் 2021-ல் கொழுப்பு வரிகளோடு துண்டு கொண்டுவந்ததும், இஸ்ரேலின் ரீடிபைன் மீட் கம்பெனி துண்டை இழை இழையாக இயந்திரத்தில் அச்சிட முற்பட்டதும் அதற்காகத்தான்.

பெயருக்கும் சண்டை நடக்கிறது. 2024 பிப்ரவரியில் பிரெஞ்சு அரசு, தாவர உணவுக்கு ஸ்டேக் என்று பெயரிடக்கூடாது என ஆணை போட்டது. 2025 ஜனவரியில் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பியப் பாராளுமன்றம் தடைக்குச் சாதகமாக வாக்களித்தது. நம் சைவர்கள் எதிர்ப்பக்கமிருந்து அதையே சொல்கிறார்கள்: விட்டவன் விட்டுவிட வேண்டியதுதானே, அதன் உருவம் எதற்கு? விட்டவனுக்கு நாக்கும் ஞாபகமும் இருக்கின்றன என்பதை இரண்டு கட்சியும் மறந்துவிடுகின்றன. தவிர, 2018-ல் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின்படி, இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டிலிருந்து நூறு கிராம் புரதம் பெறச் சராசரி 50 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான புகை சேர்கிறது. சோயாக் கட்டியான தோஃபுவுக்கு 2 கிலோ. இதைப் பார்த்தால், பிரதிகளைக் கேலி செய்து ஒதுக்கும் வசதி நமக்கு இல்லை.

என் தீர்ப்பு இதுதான்: மறுபடி சமைப்பதென்றால் இரண்டாவது. பிரதி என்ற அளவில் மூன்றாவது. நாணயத்தில் முதலாவது.

நண்பர் கேட்டுக்கொண்டார். பிறகு மூன்றாவதையே தட்டில் எடுத்து வைத்துக்கொண்டார். மகன் தன் கத்தியை அவரிடம் நீட்டினான். அவர் துண்டு போட்டுக்கொண்டே பண்ணைக் கதை ஒன்று சொல்ல, மேஜை முழுதும் சிரித்தது. நான் ஐந்தாவது கவளத்தில் கண்டுபிடித்த குறை அவருக்குத் தெரியாமலில்லை. அசலை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர். என் மதிப்பெண்ணில் அந்த மேஜைக்கு இடம் வைக்காதது என் தப்பு.