ஒன்று போதும் என்ற கணக்கு

ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டாலும் மற்றது இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும், ஆயுளுக்கு ஒரு குறையும் வராது. கடனில் சிக்கிய தறிக்காரரிடம் கிட்னி புரோக்கர் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான். சங்கடம் என்னவென்றால், இது புரோக்கர் கட்டிவிட்ட கதை இல்லை. உலகின் முதல் வரிசை மருத்துவ இதழ்களில் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. பொய் என்று தள்ளிவிட முடியாத ஒரு பேச்சு இத்தனை பேரை எப்படிக் கவிழ்க்கிறது என்று பார்க்க வேண்டுமானால், புரோக்கரை விட்டுவிட்டு அந்த ஆய்வுகளைத்தான் எடுத்துப் படிக்க வேண்டும்.

2025 ஜூலையில் பள்ளிபாளையத்தின் பெயர் மறுபடி தலைப்புச் செய்தியானது. விசைத்தறித் தொழிலாளர்களை இடைத்தரகர்கள் பெரம்பலூர், திருச்சி பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போய்ச் சிறுநீரகத்தை எடுக்க வைத்தார்கள் என்பது புகார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. இரண்டு மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று அனுமதியை நிறுத்தியது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு உத்தரவிட்டது. அதிர்ச்சி அடைந்தவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். தொண்ணூறுகளிலேயே பள்ளிபாளையமும் குமாரபாளையமும் இந்த வகைச் செய்திகளில் அடிபட்ட ஊர்கள். சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் ஒட்டியதும் அதே காலத்தில்தான்.

முதலில் சிகிச்சைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். 1971இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பது. தண்ணீரைக்கூட அளந்து குடிப்பது. மாற்றுச் சிறுநீரகம் பொருந்தியவர் அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து வேலைக்குப் போகிறார், கூடுதல் காலம் வாழ்கிறார். இதில் இரண்டு கருத்து இல்லை. மகனுக்குத் தாயும் கணவனுக்கு மனைவியும் கொடுத்து ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கு எரிகிறது. ஆனால், எண்பதுகளில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்ததும், இரத்த உறவு இல்லாதவரின் உறுப்பையும் உடல் ஏற்றுக்கொள்ளும்படி செய்ய முடிந்தது. அதுவரை சொந்தக்காரர் மட்டுமே கொடுக்க முடிந்ததை இனி யாரும் கொடுக்கலாம் என்று ஆனபோது, யாரிடமும் வாங்கலாம் என்றும் ஆகிவிட்டது. சந்தையைத் திறந்துவிட்டது பேராசை மட்டும் இல்லை, ஒரு நல்ல மருந்தும்தான்.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். கொடுத்தவரின் கதி பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இப்ராஹிமும் அவரது குழுவினரும் வெளியிட்ட கட்டுரை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1963 முதல் 2007 வரை சிறுநீரகம் தந்த 3,698 பேரைப் பற்றியது. அவர்களின் ஆயுள் பொதுமக்களின் ஆயுளுக்குக் குறையவில்லை என்று கண்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு கணக்கைத் தேடிப்பிடித்து எழுதியது பெரிய உழைப்பு. குறை அதன் ஒப்பீட்டில் இருக்கிறது. உறுப்புக் கொடுக்கத் தகுதி பெறுபவர் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் என்று எல்லாச் சோதனைகளிலும் தேறியவர். பொதுமக்கள் என்றால் அதில் எல்லா நோயாளிகளும் அடக்கம். ஊரிலேயே திடமான ஆளைப் பொறுக்கி எடுத்து, ஒரு சிறுநீரகத்தை எடுத்தபின் அவர் ஊர்ச் சராசரிக்கு வந்து நிற்கிறார் என்றால், அவருக்கு இழப்பே இல்லை என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியை மருத்துவ உலகமே கேட்டது. அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். 2014இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் முசாலேயும் உடன் ஆய்வாளர்களும் 1994 முதல் 2011 வரை அந்நாட்டில் சிறுநீரகம் தந்த 96,217 பேரை, அதேபோல ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். 15 ஆண்டுகளுக்குள் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்கள், கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ 31 பேர்; கொடுக்காதவர்களில் 4 பேர். ஆயுள் முழுக்கக் கணித்தால் முன்னவர்களில் 90 பேர், பின்னவர்களில் 14 பேர். கறுப்பினக் கொடையாளர்களிடம் 15 ஆண்டு எண்ணிக்கை 75ஐ ஒட்டி வந்தது, வெள்ளையரிடம் 23ஐ ஒட்டி. ஆயுள் கணக்கு மாதிரிக் கணிப்புதான், கொடுத்தவர்களைச் சாகும்வரை பார்த்து எழுதியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஆபத்து சிறியது. ஆனால் சுழியம் இல்லை, எல்லா உடம்புக்கும் ஒரே அளவும் இல்லை. மகனைக் காப்பாற்றக் கொடுக்கும் தாய்க்கு இந்தச் சிறிய ஆபத்து ஒரு பொருட்டே இல்லாமல் போகலாம். அது அவருடைய உரிமை.

பள்ளிபாளையத்தில் இந்த எண்களைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்கக் கணக்கில் வருபவர் கொடுத்தபின் ஆறாம் மாதம், ஓராண்டு, ஈராண்டு முடிவில் எப்படி இருக்கிறார் என்று அந்த மருத்துவமனை எழுதிவைத்தாக வேண்டும். இரத்த அழுத்தம் ஏறினால் மாத்திரை, சிறுநீரில் புரதம் தெரிந்தால் உடனே சிகிச்சை. அங்கே காணும் ‘சிறிய ஆபத்து’ இந்த ஏற்பாடுகளையெல்லாம் உள்ளடக்கிய எண். புரோக்கர் எடுத்து வருவது எண்ணை மட்டும். கொடுத்தவரின் வயதையும் பார்க்க வேண்டும். முப்பது வயதில் சோதனையில் தேறியவருக்கு நாற்பத்தைந்தில் சர்க்கரை வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 விழுக்காடு. நீரிழிவுக்குச் சிறுநீரகம் இரண்டும் இருக்கும்போதே தாக்குப்பிடிப்பது கடினம்.

வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தறிப்பட்டறையில் ஒரு ஷிப்டு என்பது பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம். தகரக் கூரை, தறிச் சத்தம், பஞ்சுத் தூசி. ஓர் ஆள் பல தறிகளைப் பார்க்க வேண்டும். தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும், பாவு இழை அறுந்தால் குனிந்து முடிய வேண்டும். உட்கார நேரமில்லை. தறி நின்றால் கூலி நிற்கும் என்பதால் தண்ணீர் குடிக்கவும் ஒதுங்கவும் மனம் வராது. ராத்திரி ஷிப்டு முடிந்து இடுப்பு கடுத்தால் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் ஒரு வலி மாத்திரை. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு என்பது மருத்துவ மாணவர் முதலில் படிக்கும் பாடங்களில் ஒன்று. வெப்பத்தில் உழைப்பவர்களின் சிறுநீரகம் மெல்லத் தளர்வதைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் தமிழ்நாட்டு உப்பளங்களில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். தறிப்பட்டறை உப்பளம் இல்லைதான். ஆனால் வெக்கை, நீரிழப்பு, மாத்திரை மூன்றும் இங்கேயும் உண்டு. மினசோட்டாக் கணக்கில் இந்த உடம்பு வரவே இல்லை.

வந்த கணக்கு ஒன்று உண்டு. அது நம் ஊரிலேயே எடுக்கப்பட்டது. 2001 பிப்ரவரியில் மாதவ் கோயலும் உடன் ஆய்வாளர்களும் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்தார்கள். முடிவு 2002இல் அதே அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வந்தது. 96 விழுக்காட்டினர் விற்றது கடன் அடைக்க. கிடைத்தது சராசரியாக 1,070 டாலர். அறுவைக்குப் பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. முக்கால்வாசிப் பேர் இன்னமும் கடனாளிகள். 86 விழுக்காட்டினர் உடல்நிலை கெட்டதாகச் சொன்னார்கள். நீங்கள் மற்றவருக்கு இதைப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டதற்கு 79 விழுக்காட்டினர் மாட்டோம் என்றார்கள்.

இந்த ஆய்வில் ஓட்டைகள் உண்டு. இரத்தம் எடுத்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். விற்காத அண்டை வீட்டாரோடு ஒப்பிடவில்லை. பல ஆண்டுக்கு முந்தைய வருமானத்தை நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் கூடக் குறைய வரும். மருத்துவர்கள் இதைக் காட்டி அந்த ஆய்வை ஓரங்கட்டுவது உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பாகிஸ்தானின் பஞ்சாபில் 239 பேரிடம் நடத்தி 2007இல் வெளியான ஆய்வும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது: கடனுக்காக விற்றவர்கள், கடன் தீராதவர்கள், உடல் தேறாதவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொத்தடிமைத் தொழிலாளர்கள். வேறு நாடு, வேறு மொழி, அதே விடை. வலி என்பது கிரியேட்டினினில் தெரியாது. பழைய முறை அறுவையில் விலாவைத் தொட்டு முதுகுப் பக்கமிருந்து வயிறு வரை வளைந்து வரும் வெட்டு, தசைகளை அறுத்துக்கொண்டு போகிறது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது ஆறிய தழும்பு. குனிந்து நிமிர்ந்து பாவு பீம் தூக்குகிறவருக்கு அது போன கூலி. வருமானம் மூன்றில் ஒரு பங்கு விழுந்ததற்கு இதைவிடப் பெரிய மருத்துவ விளக்கம் தேவையில்லை.

கடன் ஏன் தீரவில்லை என்பதற்கு மருத்துவ இதழில் விடை கிடைக்காது. அதற்கு மானுடவியலாளர்களிடம் போக வேண்டும். கெர்ட் டி நீவ் தொண்ணூறுகளில் குமாரபாளையத்தில் தங்கி, தறி முதலாளியிடம் தொழிலாளி வாங்கும் ‘பாக்கி’ பற்றி எழுதினார். முன்பணம் வாங்கினால் அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்தப் பட்டறைதான். வேறு இடம் போவதென்றால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டிக் கூட்டிப் போக வேண்டும். தொழிலாளிகளும் ஆள் பஞ்சம் பார்த்து அதிகப் பாக்கி கேட்டு வாங்கினார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இன்று அதன்மேல் குழுக் கடன், வாரத் தவணை, மீட்டர் வட்டி எல்லாம் ஏறி நிற்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் மொத்தமாக வரும் சில லட்சம் நிற்குமா? வில்லிவாக்கத்தை ஆராய்ந்த லாரன்ஸ் கோஹன் 1999இல் இதைவிடக் கசப்பான ஒன்றைச் சொன்னார். சிறுநீரகம் விலைபோகும் வட்டாரம் என்று தெரிந்துவிட்டால் வட்டிக்காரர் கொஞ்சம் தாராளமாகவே கடன் கொடுக்கிறார், பிறகு கொஞ்சம் கடுமையாகவே கேட்கிறார். உடம்பே அடமானச் சொத்து ஆகிவிடுகிறது. விற்காதவர் தலையிலும் இதன் சுமை விழுகிறது. கொடுத்தவரின் இரத்தத்தை மட்டும் சோதிக்கும் எந்த ஆய்விலும் இந்தப் பாதிப்பு தெரியவே தெரியாது.

சட்டம் இதையெல்லாம் தடுக்கத்தான் வந்தது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. நெருங்கிய உறவு இல்லாதவர் ‘அன்பின் காரணமாக’ கொடுக்கலாம், அதற்கு அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி வேண்டும். 2014 விதிகளின்படி அந்தக் குழு இருவருக்கும் இடையே எப்படிப் பழக்கம் என்று விசாரிக்க வேண்டும். இருவரின் மூன்றாண்டு வருமானத்தைப் பார்க்க வேண்டும். இடைத்தரகர் யாரும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பழக்கத்துக்குச் சான்றாக ஒன்றாக எடுத்த பழைய புகைப்படம் போன்றவற்றைக் கேட்க வேண்டும். எழுத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், வாரக்கூலி வாங்கும் தறிக்காரர் எங்கோ தொலைவிலுள்ள வசதிக்காரர்மேல் கொண்ட அன்புக்கு ஒரு போட்டோ சாட்சி என்று கோப்பு வந்தால், அந்த இரண்டு வருமானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதுமே. கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் குழு கதை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 2025 விசாரணையில் போலி ஆவணப் பேச்சு எழுந்ததும் இந்த இடத்தில்தான்.

இதைவிடப் பெரிய கோளாறு 19ஆம் பிரிவில் இருக்கிறது. பணம் கொடுத்தவர், வாங்கியவர், தரகர் எல்லோருக்கும் ஒரே தண்டனை: 2011 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து முதல் பத்தாண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். சில லட்சத்துக்கு விற்றவருக்குக் குறைந்தபட்ச அபராதமே 20 லட்சம். இவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், எனக்கு ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது, சோதித்துப் பாருங்கள் என்று வாய் திறப்பாரா? தழும்பைக் கேட்டால் கல் அறுவை என்பார். எந்தப் பதிவேட்டிலும் ஏற மாட்டார். ஆக, அங்கீகரிக்கப்பட்ட கொடையாளர்களின் நல்ல கணக்கு மட்டும் நூலில் நிற்கிறது, கெட்டுப்போன கணக்கு வீட்டுக்குள் முடங்குகிறது. அடுத்த ஆளிடம் புரோக்கர் காட்டுவது அந்த நல்ல கணக்கைத்தான்.

அப்படியானால் விற்பனையைச் சட்டப்படி அனுமதித்து, ஒழுங்காகக் கண்காணித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஈரான் 1988 முதல் அதைச் செய்து பார்த்தது. அங்கே காத்திருப்போர் பட்டியல் வெகுவாகக் குறைந்தது என்பது உண்மை. ஆனால் அந்நாட்டின் கெர்மான்ஷாவில் விற்றவர்களைச் சந்தித்த ஆய்வாளர் சர்கூஷி, பெரும்பாலோர் இன்னொரு முறை என்றால் விற்க மாட்டோம் என்று சொன்னதைப் பதிவு செய்தார். சட்டம் அனுமதித்தாலும் வட்டி நிற்கவில்லை, வெட்டுப்பட்ட தசையும் கூலிக்கு உதவவில்லை.

கொடுத்தவரைப் பின்னாளில் கண்காணிப்பது முடியாத காரியம் இல்லை. கராச்சியில் அதீப் ரிஸ்வி கட்டியெழுப்பிய சிந்து சிறுநீரக நிறுவனத்தில் உறவினருக்குக் கொடுத்தவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கட்டணம் இல்லை, ஆயுள் முழுக்க வரலாம். ஏழை நாட்டிலும் இது நடக்கிறது. தமிழ்நாட்டுக்கு வழி இன்னும் எளிது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானத்தில் 2008 முதலே இந்த மாநிலம் நாட்டுக்கு முன்னோடி. அது வளர வளர உயிருள்ளவரைத் தேடும் அவசியம் குறையும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் களப்பணியாளர் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார். அவருடைய பதிவேட்டில் ஒற்றைச் சிறுநீரகத்துக்கு ஒரு கட்டம் சேர்த்து, ஆண்டுக்கு ஒரு கிரியேட்டினின், ஒரு சிறுநீர்ப் புரதச் சோதனை என்று வைத்தால் பெரிய செலவில்லை.

ஆனால் அந்தக் கட்டம் நிரம்ப வேண்டுமானால் முதலில் 19ஆம் பிரிவிலிருந்து விற்றவரை வெளியே எடுக்க வேண்டும். தரகரும் மருத்துவமனையும் அதற்குள்ளேயே இருக்கட்டும். எந்த மருத்துவமனையில் எடுத்தது என்று கேட்கும் களப்பணியாளருக்குச் சொல்லும் பதில் காவல் நிலையத்துக்குப் போகாது என்ற உத்தரவு வந்தால்தான், பள்ளிபாளையத்தின் அன்னை சத்யா நகரிலோ ஆவாரங்காட்டிலோ யாரும் உண்மையைச் சொல்வார்கள்.